பட்டறையே பள்ளிக்கூடம்: பாபல் கிராமம் காட்டும் வழி

உழவு மும்முரமாக நடக்கும் நேரத்தில் கொத்துக்கலப்பையின் ஒரு கால் முறிந்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இன்னும் இரண்டு நாளைக்குத்தான் தாங்கும். முறிந்த காலைக் கழற்றி எடுத்துக்கொண்டு விவசாயி பக்கத்து நகரத்துப் பட்டறைக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே வேலை குவிந்து கிடக்கிறது. "நாளை வாருங்கள்" என்கிறார்கள். மறுநாள் போனால் மின்சாரம் இல்லை. பற்றவைக்கும் வேலை என்னவோ கால் மணி நேரம்தான். அதற்குக் கொடுக்கும் கூலியும் அதிகமில்லை. ஆனால் ஈரம் போய்விட்டது; விதைப்பு தள்ளிப்போய்விட்டது; விதைக்க வந்த ஆட்களும் வேலையின்றித் திரும்பிவிட்டார்கள். இந்த நஷ்டம் எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறுவதில்லை.

அதே ஊரில் பத்தாம் வகுப்பில் தேறாமல் வீட்டில் இருக்கும் இளைஞர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்கு நல்ல கை இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ஊரில் செய்ய வேண்டிய வேலைக்கும் குறைவில்லை. இந்த இரண்டும் சந்திக்க ஓர் இடம்தான் இல்லை.

அப்படிப்பட்ட இடம் ஒன்றை உருவாக்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருகிறது மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள பாபல் என்னும் கிராமம். ஊரார் பொதுவில் பயன்படுத்தும் கருவிகளும், அவற்றைக் கையாளச் சொல்லித்தரும் ஆட்களும், செய்து முடிக்க நிஜமான வேலைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் அது. நகரங்களில் இப்போது இத்தகைய பொதுப் பட்டறைகளை 'மேக்கர்ஸ்பேஸ்' என்றும் 'ஃபேப் லேப்' என்றும் அழைக்கிறார்கள். பெயர் புதிது. வேலை பாபலுக்குப் பழகியதுதான்.

விஞ்ஞானி எடுத்த முடிவு

புனே மாவட்டம் சிரூர் தாலுக்காவில் இருக்கிறது பாபல். சகயாத்திரி மலைத்தொடரின் மழை மறைவுப் பகுதி இது. மானாவாரியாகக் கம்பும் சோளமும் விளையும் வறண்ட பூமி. டாக்டர் ஸ்ரீநாத் கல்பாக் என்ற விஞ்ஞானி 1983ஆம் ஆண்டு இங்கே 'விக்யான் ஆசிரமம்' என்ற நிலையத்தைத் தொடங்கினார். புனேயில் உள்ள இந்தியக் கல்வி நிறுவனத்தின் ஒரு கிளையாக அது அமைந்தது.

கல்பாக் அமெரிக்காவில் உணவுத் தொழில்நுட்பம் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலும், பின்னர் மும்பையில் ஹிந்துஸ்தான் லீவர் ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றினார். ஓய்வு வயது வரும்வரை காத்திராமல் வேலையை விட்டுவிட்டு, மனைவி மீராவுடன் கிராமத்துக்குக் குடிவந்தார். 2003இல் காலமாகும்வரை இந்தப் பணியிலேயே இருந்தார்.

வசதியான ஊரை விட்டு வறட்சிப் பகுதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. நீர்வளமும் சாலை வசதியும் உள்ள ஊரில் வெற்றி பெறும் திட்டம் மற்ற ஊர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். பாபலில் நடக்கக்கூடியது எங்கும் நடக்கும் அல்லவா?

கையால் செய்துதான் மூளை வளரும் என்பது கல்பாக்கின் அடிப்படைக் கருத்து. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் இதையே சொன்னது. அந்தக் கல்வியில் நூற்பும் நெசவும் முக்கிய இடம் பெற்றன. கல்பாக் அந்த இடத்தில் வெல்டிங்கையும், மோட்டார் பழுது பார்ப்பதையும், மண் பரிசோதனையையும் வைத்தார். காலத்துக்கு ஏற்ற கைத்தொழில் என்பதே மாற்றம்.

நான்கு பிரிவுகள்

ஆசிரமத்தில் நடக்கும் முக்கியப் பயிற்சி, கிராமியத் தொழில்நுட்பத்தில் ஓராண்டு டிப்ளமோ. மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அங்கீகாரம் இதற்கு உண்டு. பள்ளிப் படிப்பில் பின்தங்கிய கிராமத்து இளைஞர்களை மனத்தில் வைத்தே இது உருவாக்கப்பட்டது.

பயிற்சியில் நான்கு பிரிவுகள் உள்ளன. முதலாவது பொறியியல் பட்டறை: வெல்டிங், இரும்பு வேலை, தச்சு, கட்டட வேலை ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது எரிசக்தியும் சுற்றுச்சூழலும்: மின் இணைப்பு, மோட்டார், சூரிய சக்தி, நில அளவை போன்றவை. மூன்றாவது வீடும் ஆரோக்கியமும்: தையல், உணவுப் பொருள் தயாரிப்பு, ரத்தப் பிரிவு அறிதல் போன்ற எளிய பரிசோதனைகள். நான்காவது விவசாயமும் கால்நடையும்.

ஒருவர் நான்கையும் கற்றாக வேண்டும். ஆண் பிள்ளைகள் சமையலும் தையலும் பழகுகிறார்கள். பெண் பிள்ளைகள் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரும்பை ஒட்டுகிறார்கள். கொல்லர் வேலையும் தச்சு வேலையும் குறிப்பிட்ட குடும்பங்களோடு நின்றுவிட்ட கிராமத்தில், உளியும் சுத்தியலும் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் வருவது சின்ன விஷயமல்ல.

ஏன் எல்லாம் கற்க வேண்டும்? நகரத்தில் ஒரே ஒரு தொழில் தெரிந்தவனுக்கு நாள் முழுதும் வேலை கிடைக்கும். கிராமத்தில் அப்படியில்லை. இன்று பம்புசெட் மோட்டார், நாளை மாட்டுக் கொட்டகைக் கூரை, மறுநாள் வீட்டு மின் இணைப்பு என்று வேலை மாறி மாறி வரும். பல வேலை தெரிந்தவன்தான் ஊரிலேயே தங்கிப் பிழைக்க முடியும்.

கால்நடைப் பிரிவில் சொல்லித்தரப்படும் எளிய பாடம் ஒன்றைப் பார்க்கலாம். மாட்டுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க அதன் எடை தெரிய வேண்டும். கிராமத்தில் மாட்டை நிறுக்கத் தராசு ஏது? துணி அளக்கும் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் எடை சுமார் 330 கிலோ. இது உத்தேச எடைதான். ஆனாலும் கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட நம்பகமானது. வகுப்பில் கசந்த பெருக்கல் வாய்ப்பாடு, மாட்டின் பக்கத்தில் நிற்கும்போது கசப்பதில்லை.

பள்ளியிலும் பட்டறை

ஆசிரமத்தின் பணி டிப்ளமோவோடு நிற்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு 'அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம்' என்ற பாடம் வகுக்கப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் மாணவர்கள் இதே நான்கு பிரிவுகளில் வேலை செய்ய வேண்டும். மகாராஷ்டிரக் கல்வி வாரியம் இதை ஒரு பாடமாக ஏற்றுக்கொண்டது. பாபலில் தொடங்கி, பிற மாநிலப் பள்ளிகளுக்கும் இது சென்றிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய அம்சம் இரண்டு. சொல்லித்தருபவர் பெரும்பாலும் உள்ளூர்த் தொழிலாளி. பள்ளி நேரம் போக மற்ற வேளையில் அவர் பட்டறைக் கருவிகளைக் கொண்டு சொந்தத் தொழில் நடத்தலாம் என்பது கல்பாக் வகுத்த முறை. தொழில் நடத்துகிறவர் கருவியைக் கெட்டுப்போக விடமாட்டார். கருவியும் பூட்டிய அறையில் துருப்பிடிக்காது.

மற்றொன்று, மாணவர்கள் ஊருக்குச் செய்யும் சேவை. ஆனால் இலவசச் சேவை அல்ல. பள்ளிக்கு ஒரு பெஞ்சு, பக்கத்து வீட்டுக்கு ஒரு கேட், விவசாயிக்கு மண் பரிசோதனை என்று எதைச் செய்தாலும் பொருள் செலவும் ஒரு சிறு கூலியும் வாங்கப்படுகின்றன. காசு கொடுத்தவர் பொருள் கோணலாக இருந்தால் வாங்கமாட்டார். ஆசிரியர் மதிப்பெண் குறைப்பதைவிட இது பலமான பாடம். ஒழுங்காக இருந்து அவர் மனம் நிறைந்து வாங்கிப் போனால், பரீட்சையில் தோற்ற பையனுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழும் இல்லை.

கவிமாடம் சொல்லும் கணக்கு

பாபலில் மாணவர்கள் கட்டிய கட்டடங்களில் புகழ்பெற்றது 'பாபல் டோம்' எனப்படும் கவிமாடம். கவிழ்த்த கிண்ணம் போன்ற இந்த அமைப்பை, இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து எழுப்புகிறார்கள். சதுரச் சட்டத்தை ஓரத்தில் அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. அதனால் நடுவில் தூண் இல்லாமலேயே கூரை நிற்கிறது.

ஒரு வேலையை எப்படித் திட்டமிடுவது என்பதற்கு இது நல்ல உதாரணம். எளிய வகை அரைக்கோளக் கவிமாடம் ஒன்றுக்கு 65 சட்டங்கள் தேவை. அவற்றில் 35 ஒரு நீளம். 30 மற்றொரு நீளம். ஆரம் 3 மீட்டர் என்றால் பெரிய சட்டம் 1.85 மீட்டர், சிறியது 1.64 மீட்டர். உள்ளே சுமார் 26 சதுர மீட்டர், அதாவது 280 சதுர அடிக்குச் சற்று மேல் இடம் கிடைக்கும்.

இரும்பு எவ்வளவு வாங்க வேண்டும்? எல்லாச் சட்டங்களின் நீளத்தையும் கூட்டினால் 114 மீட்டர் வரும். கடையில் இரும்பு ஆங்கிள் 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. வகுத்துப் பார்த்தால் 19 போதும் போலத் தோன்றும். ஆனால் ஒரு 6 மீட்டர் ஆங்கிளில் பெரிய சட்டமானாலும் சிறிய சட்டமானாலும் மூன்றுக்கு மேல் வெட்ட முடியாது. 65 சட்டத்துக்கு 22 ஆங்கிள் தேவை. 19 வாங்கி வந்தவன் பாதியில் வேலையை நிறுத்திவிட்டு, மறுபடி வண்டி வாடகை கொடுத்துக் கடைக்குப் போக வேண்டும். மீந்துபோகும் துண்டுகளைக் கொக்கியாகவும் தாங்கியாகவும் மாற்றத் தெரிந்தால் அதுவும் நஷ்டமில்லை.

வெட்டுவதிலும் கவனம் வேண்டும். ஒரு சட்டத்தில் அரை சென்டிமீட்டர் கூடினால் உடனே தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பிழை சேர்ந்து, கடைசி முக்கோணம் மூடாமல் நிற்கும். ஆகவே ஒரு மாதிரிச் சட்டத்தைச் சரியாக வெட்டி வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதன்மேல் வைத்தே அளக்க வேண்டும். முன்பு வெட்டிய சட்டத்தை வைத்து அடுத்ததை அளக்கக் கூடாது. இரண்டு நீளத்துக்கும் இரண்டு வண்ணம் பூசிவிட்டால் ஏற்றும்போது குழப்பம் வராது.

நீர் தேடும் நான்கு முளைகள்

வறட்சிப் பகுதி விவசாயிக்குக் கிணறு ஒரு சூதாட்டம். ஆழ்துளைக் கிணறு தோண்டித் தண்ணீர் இல்லையென்றால் கடன்தான் மிச்சம். பாபலில் மண்ணின் மின்தடையை அளந்து நீர் இருக்கும் இடத்தைக் கணிக்கும் முறையை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

முறை எளிது. நான்கு இரும்பு முளைகளை ஒரே நேர்க்கோட்டில் சம இடைவெளியில் அடிக்கிறார்கள். வெளி முளைகள் இரண்டின் வழியாக மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி, நடு முளைகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். இடைவெளியைக் கூட்டக் கூட்ட மின்சாரம் மேலும் ஆழத்துக்குப் போய் வரும். கெட்டிப் பாறையானால் மின்தடை அதிகம். ஈரமுள்ள சிதைந்த பாறையானால் குறைவு. களிமண்ணும் உப்பு நீரும்கூடக் குறைந்த தடை காட்டும் என்பதால், அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். தண்ணீர் நிச்சயம் என்று கருவி உறுதி சொல்லாது. ஆனால் தோண்டக் கூடாத இடத்தைக் காட்டினாலே விவசாயிக்குப் பெரும் பணம் மிச்சம்.

பழைய ஜீப் பாகங்களைக் கொண்டு 'மெக்புல்' என்ற சிறு டிராக்டரையும் ஆசிரமத்தில் உருவாக்கினார்கள். செய்தவனுக்கே அதன் பழுதும் தெரியும் என்பது இத்தகைய வேலைகளின் தனி லாபம்.

கணினியும் வந்தது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்டு 1998இல் ஒரு வகுப்பைத் தொடங்கினார். ஏறக்குறைய எதை வேண்டுமானாலும் செய்வது எப்படி என்பதுதான் அதன் பாடம். அதிலிருந்து பிறந்ததே ஃபேப் லேப். கணினியில் வரைந்த படத்தைக் கொண்டு பலகையையும் தகட்டையும் வெட்டும் இயந்திரங்கள், மின்சுற்று அட்டை செதுக்கும் சிறு இயந்திரம் ஆகியவை அங்கே இருக்கும். இன்று உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபேப் லேப்கள் இயங்குகின்றன. அந்தக் கழகத்துக்கு வெளியே முதன்முதலாக அமைந்த ஃபேப் லேப், 2002இல் பாபலில் தொடங்கப்பட்டதாகும்.

பெரிய நகரங்களை விட்டு ஒரு வறண்ட கிராமத்துக்கு அது வந்தது ஏன்? பாபலில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது. கேள்வி கையில் இருந்ததால் கருவிக்கு வேலை இருந்தது.

குஞ்சு பொரிக்கும் கருவியை உதாரணமாகச் சொல்லலாம். கோழி முட்டை பொரிய 21 நாளாகும். அதுவரை வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். 18ஆம் நாள்வரை முட்டைகளைத் தினமும் சில தடவை திருப்பிவிட வேண்டும். பெட்டி செய்வது தச்சு வேலை. விளக்கும் விசிறியும் மாட்டுவது மின் வேலை. வெப்பம் ஏறினால் விளக்கை அணைத்து, இறங்கினால் ஏற்றும் சிறு மின்சுற்றுதான் கணினிப் பட்டறையின் வேலை. மின்தடை ஏற்பட்டாலும் சூடு சீக்கிரம் இறங்காதபடி பெட்டிக்குத் தெர்மோகோல் உறை போடுவது கிராமத்தின் அனுபவ அறிவு. நான்கும் சேர்ந்தால்தான் குஞ்சு வெளியே வரும்.

இயந்திரம் மட்டும் போதாது

திறப்பு விழாவோடு பூட்டப்பட்ட பயிற்சிக் கூடங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. விலையுயர்ந்த இயந்திரம் வந்திறங்கும், மாலை போடுவார்கள், ஓர் ஆண்டில் அதன் மேல் தூசி படியும். இயந்திரம் வாங்கும்போது இருந்த அக்கறை, யாருக்கு என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதில் இல்லாததே காரணம்.

பொதுப் பட்டறையால் ஆகாத வேலைகளும் உண்டு. தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்யும் பொருளோடு விலையில் போட்டி போட முடியாது. போல்டும் பேரிங்கும் கடையில் வாங்குவதே மேல். பழுது பார்ப்பது, ஊரின் மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்றபடி கருவியை மாற்றியமைப்பது, கடையில் கிடைக்காத ஒன்றைச் செய்வது ஆகிய மூன்றும்தான் அதன் பலம்.

தொடங்க விரும்பும் ஊர்களுக்கு

இளைஞர் மன்றமோ, விவசாயிகள் சங்கமோ, பள்ளியோ இத்தகைய பட்டறை தொடங்க நினைத்தால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்.

முதலில் கருவி வாங்கக் கூடாது. மூன்று மாத காலம் ஊரில் எந்தெந்தச் சாமான் பழுதானது, எங்கே கொண்டுபோனார்கள், எத்தனை நாள் ஆயிற்று, என்ன செலவு என்று ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். அந்த நோட்டுதான் வாங்க வேண்டிய கருவிகளின் பட்டியலைச் சொல்லும்.

பெரும்பாலான ஊர்களில் ஒரு வெல்டிங் செட், துளை போடும் இயந்திரம், கிரைண்டர், வைஸ், பட்டறைக்கல், கைக்கருவிகள், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் ஆகியவற்றோடு தொடங்கிவிடலாம். கணினி இயந்திரங்களுக்கு அவசரமில்லை.

சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதன் இடத்தில் வரைந்துவிட வேண்டும். மாலையில் வெற்று உருவம் தெரிந்தால் எந்தக் கருவி திரும்பவில்லை என்று ஒரு பார்வையில் தெரியும். சாவிக்கும் கருவிக்கும் பொறுப்பாளர் ஒருவரே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே மதிப்பீடு எழுத வேண்டும். பொருள், வெல்டிங் ராடு போன்ற சில்லறைச் சாமான், மின்சாரம், கருவித் தேய்மானம், கூலி என ஐந்தும் அதில் வர வேண்டும். வேலை முடிந்ததும் உண்மையான செலவைப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். தேய்மானத்தை விட்டுவிட்டால், வெல்டிங் செட் கெட்டுப்போகும் நாளில் பெட்டியில் பணம் இருக்காது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெல்டிங்குக்கு 10 அல்லது 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களும் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. டீசல், பெட்ரோல் இருந்த பீப்பாயை ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். நாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்ய வேண்டும். எர்த் இணைப்பு இல்லாமல் எந்த மின்கருவியையும் இயக்கக் கூடாது.

புதிதாக வருபவருக்கு முதல் நாளே பெரிய வேலை கொடுக்க வேண்டாம். ஒரு தாங்கி, ஒரு கொக்கி, ஒரு முக்காலி என்று படிப்படியாகப் போகலாம். ஆனால் அந்த முக்காலியையும் யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கி வீட்டில் போட்டு உட்கார வேண்டும். பழகுவதற்காகச் செய்து மூலையில் போடும் பொருளில் முழுக் கவனம் பதியாது.

ஊரில் வயதான கொல்லரோ தச்சரோ இருந்தால் அவரே முதல் ஆசிரியர். இரும்பு எந்த நிறத்துக்குக் காய்ந்தால் அடிக்கலாம், எந்த மரம் ஏர்க்காலுக்கு ஆகும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். அவரோடு அந்த வித்தை போய்விடாமல் அடுத்த தலைமுறைக்கு இறங்க வேண்டும். அவருக்கு உரிய மரியாதையும் சம்பளமும் கொடுத்து அழைத்துவருவது ஊரின் கடமை.

அடுத்த உழவுக்குள் இதெல்லாம் நடந்துவிடாது. பாபலும் ஓர் ஆண்டில் உருவாகவில்லை. ஆனால் நோட்டும் பென்சிலும் இன்றே கிடைக்கும். ஊரில் உடைந்து கிடப்பவற்றை எழுதத் தொடங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.